ஊருக்கு எதிரே தனியாக நிற்கும் கதாபாத்திரம்: ஆராய்ந்து கட்டுரை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

கண்ணகி, ஆன்டிகனி, டாக்டர் ஸ்டாக்மன், நோரா என்று கூட்டத்தோடு ஒத்துப்போகாத பாத்திரங்களைப் பற்றி எழுதச் சொன்னால், வந்து சேரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் இருக்கும். 'இவர் துணிச்சலானவர், சமூகம் கொடுமையானது, இறுதியில் அறம் வென்றது.' பெயரை மட்டும் மாற்றினால் அதே கட்டுரை வேறொரு பாத்திரத்துக்கும் பொருந்திவிடும்.

எழுதியவர்களுக்கு மொழி வராமல் இல்லை. வேலையைத் தொடங்கும் இடம்தான் தவறுகிறது. பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பாத்திரம் எதை மீறுகிறது என்பதைக் கடைசியில், அதுவும் மங்கலாக, சேர்க்கிறார்கள். கீழே உள்ள வரிசை அதைத் தலைகீழாக்குகிறது. முதலில் விதி, அப்புறம்தான் மீறியவர். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றும் முந்தையதில் எழுதி வைத்த குறிப்பைக் கேட்கும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முழு நூல் வேண்டும். சுருக்கமோ திரைப்படமோ போதாது. சுருக்கங்கள் முதலில் வெட்டி எறிவது சின்னப் பாத்திரங்களை. இந்தத் தலைப்புக்கோ அவர்கள்தான் அதிகம் தேவைப்படுவார்கள்.

முதல்முறை எழுதுபவர்கள் நாவலை எடுக்க வேண்டாம். ஒரு நாடகம் அல்லது சிறுகதை போதும். சோஃபக்ளீஸின் 'ஆன்டிகனி' சுமார் 1350 வரிகள்தான். புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' ஒரே அமர்வில் படித்துவிடக்கூடியது. சிறிய நூலைப் பலமுறை படிக்கலாம். பெரிய நூலை ஒருமுறை படித்துவிட்டு நினைவை நம்பித்தான் எழுத வேண்டிவரும்.

இரண்டு வாசிப்பு கட்டாயம். முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீர்கள், கதை உங்களை இழுக்கட்டும். இரண்டாவதில் ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் காதை, படலம், அங்கம் அல்லது அத்தியாய எண்ணை எழுதுங்கள். பின்னால் தேடிக்கொள்ளலாம் என்று விட்டால் கட்டுரையின் பாதி நேரம் தேடலிலேயே போகும்.

கதை நடக்கும் காலத்தின் சட்டம், வழக்கம் பற்றி ஒரு பக்கக் குறிப்பும் வைத்துக்கொள்ளுங்கள். பல சமயம் நூலே அதைச் சொல்லிவிடும். இப்சனின் 'பொம்மை வீடு' (1879) நாடகத்தில், கணவனின் சம்மதம் இல்லாமல் மனைவி கடன் வாங்க முடியாது என்று நோராவின் தோழியே சொல்கிறாள். அந்த ஒரு வரி தெரியாவிட்டால், தந்தையின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு ரகசியமாகக் கடன் வாங்கிய நோராவின் குற்றத்தின் கனமே புரியாது.

2. விதியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

'சமூகம்', 'மரபு', 'ஆணாதிக்கம்' போன்ற பெரிய சொற்களை இந்தப் படியில் தடை செய்துவிடுங்கள். யார், எதைச் செய்யக்கூடாது, செய்தால் என்ன ஆகும் என்ற மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

'ஆன்டிகனி'யில் இது எளிது: ஆன்டிகனியின் சகோதரன் பாலினீசஸின் உடலை யாரும் அடக்கம் செய்யக்கூடாது, செய்தால் மரணம். அரசன் கிரியோன் அதை அறிவிப்பாகவே வெளியிடுகிறான். இப்சனின் 'மக்களின் எதிரி' (1882) நாடகத்தில், ஊருக்கு வருமானம் தரும் குளியல் நிலையத்தின் தண்ணீர் கெட்டிருப்பதை டாக்டர் ஸ்டாக்மன் கண்டுபிடிக்கிறார். இங்கே எழுதப்பட்ட விதி எதுவும் கிடையாது, நீங்கள்தான் எழுத வேண்டும்: ஊரின் வருமானத்தைக் கெடுக்கும் உண்மையை ஊராரே வெளியே சொல்லக்கூடாது, சொன்னால் ஊரில் இருக்க முடியாது. எழுதப்படாத விதிகளை வாக்கியமாக்குவது கடினம், ஆனால் கட்டுரையின் சுவையான பகுதி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

எழுதியபின் இன்னொரு வேலை இருக்கிறது. அந்த விதிக்கு ஆதரவாக ஒரு பத்தி எழுதுங்கள், கிண்டல் இல்லாமல். கிரியோனின் நகரம் அப்போதுதான் உள்நாட்டுப் போரிலிருந்து மீண்டிருக்கிறது. பாலினீசஸ் அந்நியப் படையோடு சொந்த ஊரைத் தாக்க வந்தவன். அவனுக்கும், ஊரைக் காத்து இறந்த சகோதரனுக்கும் ஒரே மரியாதையா என்று கிரியோன் கேட்பது அபத்தமான கேள்வி இல்லை. இப்சனின் நகரசபைத் தலைவர் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது: குளியல் நிலையத்தின் குழாய்களை மாற்றினால் பெரும் செலவு, இரண்டு ஆண்டு மூட வேண்டும், அதற்குள் பக்கத்து ஊர்கள் வாடிக்கையைப் பறித்துக்கொள்ளும்.

இந்தப் பத்தியைப் பெரும்பாலானவர்கள் தாண்டிக் குதிக்கிறார்கள். விதி முட்டாள்தனமானது என்று காட்டிவிட்டால் அதை மீறுவதற்கு என்ன பெரிய துணிவு வேண்டும்? நல்லவர்களும் விவரமானவர்களும் நம்பும் விதியை மீறும்போதுதான் பாத்திரத்துக்கு எடை வருகிறது.

3. விதியைக் காவல் காப்பவர்களைப் பட்டியலிடுங்கள்

ஆணை போடுபவர் ஒருவர்தான் இருப்பார். அதைச் செயல்படுத்துபவர், அக்கம்பக்கத்தில் பேசிப் பரப்புபவர், பயந்து ஒதுங்குபவர், அன்பாலேயே தடுப்பவர் என்று மற்றவர்கள் நிறைய. ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

'மக்களின் எதிரி' இதற்குச் சிறந்த பயிற்சி. பத்திரிகை ஆசிரியர் ஹோவ்ஸ்டாட் முதலில் டாக்டர் பக்கம், அப்புறம் மறுபக்கம். அச்சகக்காரர் அஸ்லாக்சன் எதற்கெடுத்தாலும் மிதம், மிதம் என்பவர். ஐந்தாம் அங்கத்தில் வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்கிறார், பள்ளித் தலைமையாசிரியை டாக்டரின் மகள் பெட்ராவை வேலையிலிருந்து நீக்குகிறார். இவர்களில் யாரும் தாங்களாக விரும்பிச் செய்வதாகச் சொல்வதில்லை. வேறு வழியில்லை, மற்றவர்களை எதிர்க்கத் துணிவில்லை என்கிறார்கள். அழுத்தம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறுகிறது, கடைசிவரை அதற்கு உரிமையாளர் அகப்படுவதே இல்லை. இதைக் கண்டுபிடித்தவர் 'ஊர் அவரை எதிர்த்தது' என்று எழுதமாட்டார்.

அன்பால் தடுப்பவரைத் தவறவிடாதீர்கள். சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில், பிரிந்துபோன கணவன் திரும்பிவர சோமகுண்டம், சூரியகுண்டம் மூழ்கிக் காமவேளைத் தொழலாம் என்று தேவந்தி தோழியாகத்தான் யோசனை சொல்கிறாள். கண்ணகியின் பதில் 'பீடன்று'. அவ்வளவுதான், விளக்கமே இல்லை. மதுரையில் அரசன் முன் நின்றவளைப் பற்றி மட்டுமே எழுதுபவர்கள் புகார் நகரில் சொன்ன இந்த ஒற்றைச் சொல்லைப் பார்ப்பதில்லை. திடீரென்று வெடித்த பெண்ணாகவே அவளைக் காட்டிவிடுகிறார்கள். ஊர் வழக்கம் தனக்குப் பெருமையில்லை என்றால் விலகிக்கொள்ளும் குணம் அவளிடம் முன்பே இருந்தது.

சில நூல்களில் காவல்காரர் பாத்திரத்தின் உள்ளேயே இருப்பார். அவரையும் பட்டியலில் சேருங்கள்; ஐந்தாம் படியில் மறுபடி வருவார்.

4. தனித்தன்மையையும் அறத்துணிவையும் பிரியுங்கள்

இரண்டும் ஒன்றாகவே வரும் என்று நினைப்பதால் நிறையக் குழப்பம். தனித்தன்மை என்பது ஒருவர் மற்றவர்களைப்போல இல்லாமல் இருப்பது. அறத்துணிவு என்பது தெரிந்தே விலை கொடுத்து ஒரு சரியானதைச் செய்வது. ஒன்று மற்றொன்று இல்லாமலே இருக்க முடியும்.

மூன்று கேள்விகள் போட்டுப் பாருங்கள். விலை என்னவென்று பாத்திரத்துக்கு முன்பே தெரியுமா? தன் விருப்பத்தைத் தாண்டி வேறொருவருக்காகவோ ஒரு நெறிக்காகவோ செய்கிறதா? பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருக்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அறத்துணிவு பற்றித் தயங்காமல் எழுதலாம். ஒன்றிரண்டுக்கு மட்டும் ஆம் என்றால் கட்டுரை இன்னும் நன்றாக வர வாய்ப்பு உண்டு, ஏனென்றால் வாதாட இடம் கிடைக்கிறது.

காம்யுவின் 'அந்நியன்' (1942) நாவலில் மெர்சோ தாயின் இறுதிச்சடங்கில் அழவில்லை. தனித்தன்மை அசலானது. ஆனால் அவனால் ஒரு மனிதன் சுடப்பட்டுச் சாகிறான், அந்தச் செத்தவனுக்கு நாவலில் பெயர்கூட இல்லை. மெர்சோவை அறத்தின் நாயகனாக்கும் கட்டுரைகள் எனக்கு ஒப்புவதில்லை. உணராத துக்கத்தை உணர்ந்ததாகச் சொல்ல மறுக்கிறானே, அதை மட்டும் எடுத்துக்கொண்டு வாதம் கட்டலாம். கட்டினால் செத்தவனையும் கணக்கில் வையுங்கள்.

எதிர்ப்பக்கத்துக்கு மகாபாரதத்தின் விகர்ணன். மற்ற எல்லா வகையிலும் கௌரவர்களில் ஒருவன். திரௌபதியைச் சபைக்கு இழுத்துவந்தபோது பெரியவர்கள் வாய்மூடி இருக்க, இது முறையில்லை என்று எழுந்து பேசுகிறான். சின்னப்பையன் உனக்கென்ன தெரியும் என்பதுபோல் கர்ணன் அடக்குகிறான். அப்புறம் போரில் விகர்ணன் அண்ணன் பக்கமே நின்று பீமன் கையால் சாகிறான். சபையில் இருந்த துணிவு களத்தில் எங்கே போனது? அல்லது அதுவும் வேறொரு கடமையா? இப்படிப்பட்ட பாத்திரங்களைத் தேடிப் பிடியுங்கள், முதன்மைப் பாத்திரங்களை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

5. திரும்பிப் போக இருந்த வழியைக் கண்டுபிடியுங்கள்

எனக்கு மொத்த வேலையிலும் முக்கியமான படி இதுதான். மற்ற படிகளுக்கு ஒரு மாலை என்றால் இதற்கு இரண்டு ஒதுக்கலாம்.

ஏறத்தாழ எல்லா நல்ல நூல்களிலும், பாத்திரம் பின்வாங்கிவிட ஒரு வழி திறந்திருக்கும் நொடி ஒன்று உண்டு. பின்வாங்கினால் பழைய வாழ்க்கை அப்படியே கிடைக்கும், யாரும் குறைகூட சொல்லமாட்டார்கள். அந்த நொடி எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருக்கிறது என்று துல்லியமாகக் குறியுங்கள். உச்சக்காட்சியில் தேடாதீர்கள், பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால், சத்தமில்லாமல் இருக்கும்.

ஆன்டிகனியைக் காவலன் பிடித்துக் கொண்டுவந்ததும் கிரியோன் ஒரு கேள்வி கேட்கிறான்: நான் போட்ட தடை உனக்குத் தெரியுமா? அந்தக் கேள்வியே வழி. தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அரச குடும்பத்துப் பெண், மகனுக்கு நிச்சயித்த பெண், எப்படியோ சமாளித்திருப்பார்கள். தெரியும், எப்படித் தெரியாமல் போகும் என்கிறாள். தேவர்களின் எழுதாத சட்டங்களைப் பற்றிய அவளுடைய புகழ்பெற்ற பேச்சு இதற்கு அப்புறம்தான் வருகிறது. கட்டுரைகளோ பேச்சை மேற்கோள் காட்டுகின்றன, முந்தைய ஒரு வரிப் பதிலை விட்டுவிடுகின்றன. முடிவு அந்த ஒரு வரியில் எடுக்கப்பட்டுவிட்டது, பேச்சு அதற்கான காரணம் மட்டுமே.

இன்னும் நுட்பமான உதாரணம் மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்', 31ஆம் அத்தியாயம். அடிமையான ஜிம் தப்பி ஓட உதவுவது அந்தப் பையனுக்குச் சட்டப்படி குற்றம், மதப்படி பாவம். ஜிம்மின் உடைமைக்காரி மிஸ் வாட்சனுக்கு அவன் இருக்கும் இடத்தைச் சொல்லிக் கடிதம் எழுதுகிறான். எழுதியதும் பாவமெல்லாம் கழுவப்பட்டதுபோல் லேசாக உணர்கிறான். கடிதத்தைக் கீழே வைக்கிறான். பயணத்தில் ஜிம் தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டான் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. சரி, நரகத்துக்கே போகிறேன் என்று கடிதத்தைக் கிழிக்கிறான்.

இதில் புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். 'அடிமை முறை தவறு என்று ஹக் உணர்ந்தான்' என்று எழுதுகிறார்கள். அந்த அத்தியாயத்தை வரிவரியாகப் பாருங்கள், அப்படி ஒரு உணர்வு எங்கும் இல்லை. விதி சரி, தான்தான் கெட்டவன் என்றே அவன் கடைசிவரை நம்புகிறான். மூன்றாம் படியில் சொன்ன உள்ளே இருக்கும் காவல்காரர் இவர்தான். அவரை வாதத்தால் ஜெயிக்க ஹக்குக்குத் தெரியாது. நரகத்தையே ஏற்றுக்கொண்டு அவரைத் தாண்டிப் போகிறான். நம்முடைய இன்றைய நியாயத்தைப் பாத்திரத்தின் தலைக்குள் ஊற்றிவிட்டால் இந்த அபூர்வமான விஷயம் காணாமல் போய்விடும். பாத்திரம் சொல்லும் காரணம் என்ன, நீங்கள் நினைக்கும் காரணம் என்ன என்று குறிப்பேட்டில் இரண்டு தனித்தனிப் பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யக்கூடாது.

சிலர் அந்த வழியில் பாதி தூரம் நடந்தும் விடுவார்கள். ஆர்தர் மில்லரின் 'தி குரூசிபிள்' (1953) நான்காம் அங்கத்தில் சூனியக் குற்றம் சாட்டப்பட்ட ஜான் பிராக்டர் உயிர் பிழைக்க அதைப் பொய்யாக ஒப்புக்கொள்ளச் சம்மதிக்கிறான், கையெழுத்தும் போடுகிறான். மற்றவர்களைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறான். அந்தக் காகிதத்தைத் தேவாலயக் கதவில் ஒட்டப்போகிறார்கள் என்றதும் தரமறுத்துக் கிழிக்கிறான். 'பிராக்டர் உயிரைவிட உண்மையை மதித்தான்' என்று எழுதினால் அந்தக் கையெழுத்து எங்கே போனது? அவன் எதைக் கொடுக்கத் தயாராக இருந்தான், எதைக் கொடுக்க மறுத்தான் என்று வரிசையாக எழுதுங்கள். உயிருக்காகப் பொய் சொல்லலாம், ஆனால் தன் பெயரை மற்றவர்களுக்கு எதிராகப் பயன்படுத்த விடமாட்டேன் என்ற கோடு எங்கே விழுகிறது என்று தெரியும். அந்தக் கோடுதான் அவனுடைய தனித்தன்மை.

6. விலை யார் தலையில் விழுகிறது?

குறிப்பேட்டில் கோடு போட்டு, ஒரு பக்கம் பாத்திரம் இழந்தவை, மறுபக்கம் மற்றவர்கள் இழந்தவை என்று எழுதுங்கள். இரண்டாம் பக்கம் முதல் பக்கத்தைவிட நீளமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

டாக்டர் ஸ்டாக்மனுக்கு வேலை போகிறது, ஜன்னல்கள் உடைகின்றன. பெட்ராவுக்கு வேலை போகிறது. கூட்டம் நடத்த வீட்டைக் கொடுத்த கப்பல் தலைவர் ஹோர்ஸ்டர் தன் கப்பலை இழக்கிறார். மனைவிக்கு வர வேண்டிய சொத்தை வைத்து மாமனார் குளியல் நிலையத்தின் பங்குகளை வாங்கிவிடுகிறார். டாக்டர் பிடிவாதமாக இருந்தால் அந்தப் பணம் காற்றில் போகும். கடைசியில், தனியாக நிற்பவனே உலகின் பலசாலி என்று அவர் அறிவிக்கும்போது பக்கத்தில் மனைவியும் மகளும் நிற்கிறார்கள். இப்சன் சிரிக்காமல் சிரிக்கும் இடம் அது.

விலை எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். ஹார்ப்பர் லீயின் 1960 நாவலான 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' பற்றி எழுதும்போது எல்லோரும் வெள்ளை வழக்கறிஞர் ஆட்டிகஸைத்தான் எடுப்பார்கள். அதே நீதிமன்றத்தில், ஆட்டிகஸ் யாருக்காக வாதாடுகிறாரோ அந்தக் கறுப்பினத்தவரான டாம் ராபின்சன், தன்மேல் பாலியல் பலாத்காரக் குற்றம்சாட்டிய வெள்ளைப் பெண்ணுக்காகத் தான் பரிதாபப்பட்டதாகச் சொல்கிறார். அந்த ஊரில் அவர் சொல்லக்கூடாத வாக்கியம் அது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் உடனே பிடித்துக்கொள்கிறார். ஆட்டிகஸுக்கு வசையும் மிரட்டலும், டாமுக்கு உயிர். யாருடைய சொல்லுக்கு விலை அதிகம் என்று கேட்டாலே கட்டுரை வேறு திசையில் திரும்பும்.

சங்கடமான விலையை மறைக்க வேண்டாம். கண்ணகி மதுரையை எரிக்கிறாள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகளை விட்டுவிடு என்று தீக்கு அவளே சொல்வதாக வஞ்சின மாலையில் வருகிறது. 'யானோ அரசன் யானே கள்வன்' என்று பாண்டியன் வீழ்ந்ததோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுரைகள் தீயைத் தவிர்க்கின்றன. குற்றம் செய்தவன் தண்டனை பெற்றபிறகும் ஏன் நகரம்? பதில் எதுவாகவும் இருக்கலாம், கேள்வியாவது கட்டுரையில் இருக்க வேண்டும்.

7. ஒத்துப்போனவரையும் பக்கத்தில் நிறுத்துங்கள்

அதே விவரம் தெரிந்த, அதே நியாயத்தை ஒப்புக்கொள்ளும், ஆனால் வேறு மாதிரி நடந்துகொள்ளும் ஒரு பாத்திரத்தைத் தேடுங்கள். ஆன்டிகனிக்குத் தங்கை இஸ்மினி, பிராக்டருக்கு அவன் வீட்டு வேலைக்காரி மேரி வாரன். சிறுமிகள் சுமத்தும் சூனியக் குற்றச்சாட்டுகள் பொய் என்ற உண்மையைச் சொல்லத்தான் மேரி நீதிமன்றம் வருகிறாள். மற்ற சிறுமிகள் ஒன்றுசேர்ந்து நடிக்கும்போது நொறுங்கி அவர்களோடு போய்ச் சேர்கிறாள். கூட்டத்தின் இழுப்பு எவ்வளவு என்பதை அவள் தோல்விதான் நமக்குக் காட்டுகிறது.

இவர்களைக் கோழைகள் என்று ஒரு சொல்லில் முடிக்காதீர்கள். கம்பனின் யுத்த காண்டம் இதற்கு மருந்து. வீடணனும் கும்பகருணனும் இராவணன் செய்தது தவறு என்பதில் ஒருமனம். மந்திராலோசனையில் 'பேசுவது மானம் இடை பேணுவது காமம்' என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொல்பவன் கும்பகருணன்தான். ஒருவன் விலகிப் போகிறான். மற்றவன், வளர்த்தவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்று தம்பியின் அழைப்பை மறுத்துச் சாகப் போகிறான். யார் துணிவு பெரிது? கம்பன் எளிதில் தீர்ப்புச் சொல்லவில்லை. நீங்களும் அவசரப்பட வேண்டாம்.

8. பாத்திரத்துக்கு எதிராக ஒரு பத்தி

சிறியது, ஆனால் விடக்கூடாது. நீங்கள் நேசிக்கும் பாத்திரத்தின் மோசமான வரிகளை எடுத்து வையுங்கள். டாக்டர் ஸ்டாக்மன் நான்காம் அங்கத்தில் தண்ணீரைப் பற்றிப் பேச வந்தவர், பெரும்பான்மை எப்போதும் தவறு என்று தொடங்கி, மனிதர்களைத் தெருநாய், சாதி நாய் என்று வகைபிரிப்பதுவரை போய்விடுகிறார். ஆன்டிகனி, சாவில் பங்குகேட்டு வரும் தங்கையை ஈவிரக்கமில்லாமல் தள்ளிவிடுகிறாள்.

துணிவும் இறுமாப்பும் ஒரே வீட்டில் குடியிருக்கலாம். அதை நீங்களே சொல்லிவிட்டால், மறுப்பதற்காகக் காத்திருக்கும் வாசகரும் உங்களோடு தொடர்ந்து வருவார்.

9. முடிவை மாற்றிப் பாருங்கள்

பாத்திரம் பணிந்துபோவதாக ஒரு பத்தியில் முடிவை மாற்றி எழுதுங்கள். யார் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள் என்று பாருங்கள். விதியின் உண்மையான உரிமையாளர்கள் அவர்கள்தான்.

இது கற்பனைப் பயிற்சி மட்டுமல்ல, நடந்தும் இருக்கிறது. நோரா வீட்டைவிட்டு வெளியேறும் முடிவை நடிக்க ஒரு ஜெர்மானிய நடிகை மறுத்ததால், இப்சனே 1880இல் வேறொரு முடிவு எழுதித்தர வேண்டியிருந்தது. அதில் தூங்கும் குழந்தைகளைக் காட்டியதும் நோரா தளர்ந்து சரிகிறாள், திரை விழுகிறது. வேறு யாரோ வெட்டி ஒட்டுவதைவிடத் தானே செய்வது மேல் என்று செய்தவர், அதைக் காட்டுமிராண்டித்தனம் என்றே குறிப்பிட்டார். இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்தால், அந்தக் காலத்துக்கு எது தாங்கமுடியாததாக இருந்தது என்று தெளிவாகத் தெரியும்: கணவனைப் பிரிவதைவிடக் குழந்தைகளைப் பிரிவது.

தமிழில் இதற்கு ஈடான உதாரணம் ஜெயகாந்தன். 'அக்கினிப் பிரவேசம்' (1966) சிறுகதையில், மழைநாளில் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளைத் தாய் முதலில் அடித்துக் கதறினாலும், அப்புறம் தலையில் தண்ணீர் ஊற்றி நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதைக்குக் கடும் எதிர்ப்பு வந்தது. பின்னர் வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அவரே அந்த நிகழ்வை வேறு பாதையில் விடுகிறார்: தாயின் கதறலில் விஷயம் வெளியே போகிறது, கங்கா குடும்பத்தால் ஒதுக்கப்படுகிறாள். சிறுகதையில் துணிவு யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். மகளுடையது அல்ல, தாயுடையது. அதுவும் மேடையேறிச் செய்த துணிவு இல்லை. ஊருக்குத் தெரியாமல் மறைத்துச் செய்தது. மறைத்துச் செய்வது துணிவாகுமா என்பதே ஒரு முழுக் கட்டுரைக்கான தலைப்பு.

'சாப விமோசன'த்தில் அகலிகை, சீதை தீக்குளித்தாள் என்று கேட்டு மறுபடி கல்லாகிறாள். இங்கே முடிவை மாற்ற முயன்றால் சிக்கல் புரியும்: அவள் பணிந்தாளா, மறுத்தாளா? சாபத்தால் கல்லானவள் இந்த முறை தானாகக் கல்லாகிறாள். மறுப்பு என்றே நான் படிக்கிறேன். தோல்வி என்று படிப்பவர்களும் உண்டு, அவர்களிடமும் வலுவான வரிகள் இருக்கின்றன.

10. இனிக் கட்டுரையாக்குங்கள்

இப்போது கையில் விதி, காவல்காரர்கள், திரும்பிப் போக இருந்த வழி, விலை எல்லாம் குறிப்புகளாக இருக்கும். அவற்றை ஒரே வாக்கியத்தில் கோத்தால் அதுதான் உங்கள் மையக் கருத்து. மாதிரிக்கு: 'ஹக் அடிமைமுறையை எதிர்க்கவில்லை, தான் பாவி என்று நம்பிக்கொண்டே ஜிம்மைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறான், அதனால் அவன் கொடுக்கும் விலை தன் ஆன்மா என்றே அவன் நினைக்கிறான்.' இதை மறுத்து ஒருவர் வாதாட முடியும். 'ஹக் நல்லவன்' என்பதை மறுத்து யார் வாதாடுவார்?

முதல் பத்தியில் ஆசிரியரின் வாழ்க்கை வரலாறு வேண்டாம். விதியில் தொடங்கி, ஐந்தாம் படியில் குறித்த நொடிக்கு விரைவில் வாருங்கள். கதைச் சுருக்கம் நான்கைந்து வரி போதும். அந்த நொடிக்கு நிறைய இடம் கொடுங்கள், விலைக்கு அடுத்தது. ஒத்துப்போன பாத்திரத்தை நடுவில் கொண்டுவாருங்கள், கடைசியில் ஒட்டினால் பிற்சேர்க்கை மாதிரி தெரியும். பாத்திரத்துக்கு எதிரான பத்தி முடிவுக்குச் சற்று முன்பு வரட்டும். அதற்குப் பதில் சொல்வதே உங்கள் முடிவுரையாக இருக்கலாம்.

மேற்கோள்கள் சின்னதாக, ஒன்றிரண்டு வரியாக. நீளமாக எடுத்தால் அதைப்பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு மேற்கோளுக்கும் அடுத்த வாக்கியம், அதில் எந்தச் சொல் வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும்.

முதல் வரைவு முடிந்ததும் 'துணிச்சலான', 'புரட்சிகரமான', 'காலத்தைக் கடந்த' போன்ற அடைமொழிகளை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். செயல்களே துணிவைக் காட்டினால் சொல் திரும்பத் தேவைப்படாது. காட்டாவிட்டால் ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போக வேண்டும். அப்புறம் பாத்திரத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பாத்திரத்தின் பெயரைப் போட்டு, எத்தனை வாக்கியங்கள் அப்படியே நிற்கின்றன என்று பாருங்கள். நிற்கும் வாக்கியங்களை வெட்டுங்கள், அல்லது அந்த இடத்துக்கு உரிய வரியை நூலிலிருந்து தேடி எடுத்துத் திரும்ப எழுதுங்கள்.